ஏழு வரிகள்

செப்டம்பர் பத்து, புதன்.
காலை ஆறரைக்கே தொலைபேசி அலறத் தொடங்கிவிட்டது.
மெய்ரன் வரவேற்புக் கூடத்தில்
ஒடெத் ஷப்புயி இன்னும் கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

ஊழி வந்தால் பதில் சொல்ல
ஓர் ஊழியர் வேண்டுமல்லவா.
கையில் கொடுத்திருந்தார்கள் ஒரு தாள், ஏழு வரி:
கருந்துளை உண்டானாலும் அந்தக் கணமே ஆவியாகிவிடும்,
இதைவிட மூர்க்கமான மோதல்கள்
கோடானுகோடி ஆண்டுகளாக நம் தலைக்குமேல் நடக்கின்றன,
நிலா இன்னும் இருக்கிறது, பாருங்கள்,
இப்படி.
கடைசி வரிக்குக் கீழே யாரோ பென்சிலால்:
பொறுமையாகப் பேசவும்.

லீல் நகரத்து மாணவி கேட்டாள்,
நாளைய தேர்வுக்குப் படிக்கட்டுமா?
படியம்மா.
பயேர்னிலிருந்து ஒரு பல் மருத்துவர்.
வாய்ப்பு எவ்வளவு? பூஜ்யமா, பூஜ்யத்துக்கு அருகிலா?
அந்த ‘அருகில்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள்
எத்தனை பேர் குடியிருந்தார்கள் அன்று,
மூட்டை முடிச்சோடு, பிள்ளை குட்டிகளோடு.

காப்பி வரிசையில் நின்ற இளைஞனைப் பிடித்தாள் ஒடெத்.
பூஜ்யம் என்று சொல்லித் தொலையேன்.
அவன் கோப்பையைப் பார்த்தான்.
இது கை நழுவினால் மேல்நோக்கி விழாது என்றுகூட
என்னால் பூஜ்யம் போட முடியாது, மேடம்.
நல்ல பையன்தான். மூன்று நாளாகத் தூங்காத கண்கள்.
திரும்பி வந்து அடுத்த அழைப்பை எடுத்தாள்.
பூஜ்யம், என்றாள்.
தாளில் இல்லாத எட்டாவது வரி.
அன்று மாலைக்குள் இருநூறு தடவை சொன்னாள் அதை.

ஒருத்தி மட்டும் பெயர் சொல்லவில்லை.
எத்தனை மணிக்கு?
ஒன்பதரைக்குத் தொடங்குவார்கள்.
வலிக்குமா?
ஒன்றுமே ஆகாது, மேடம். இன்று மோதல்கூடக் கிடையாது,
ஒரே திசையில் ஒரு சுற்று, அவ்வளவுதான்.
மறுமுனையில் மூச்சு.
பிறகு, ஓ.
அந்த ஓவில் நிம்மதி இல்லை.
பேருந்தைத் தவறவிட்டவரின் குரல் அது.
ஒடெத் வாயெடுப்பதற்குள் இணைப்பு போய்விட்டது.

பத்தரை மணிவாக்கில்
திரையில் ஒரு வெள்ளைப் புள்ளி.
மேலே கைதட்டினார்கள், ஷாம்பெயின் உடைத்தார்கள்.
ஜன்னலுக்கு வெளியே பதினெட்டாம் எண் டிராம்
வழக்கம்போல் இரண்டு நிமிடம் தாமதமாக வந்தது.

வியாழன் காலை முதல் அழைப்பு
தொய்ரியிலிருந்து, பாலாடைக்கட்டி செய்கிறவர், ஃபெர்னான்.
அவர் நிலவறைக்கு நேர் கீழே, நூறு மீட்டர் ஆழத்தில்
ஓடுகிறது வளையம்.
நிலவறையில் முந்நூற்றுப் பன்னிரண்டு சக்கரங்கள்,
பக்குவப்பட இன்னும் பதினாலு மாதம் வேண்டும்.
அதற்கு என்ன கெடுதல், ஐயா?
அதற்கு ஒன்றுமில்லை.
செவ்வாய் இரவு, உலகம்தான் முடியப்போகிறதே என்று
மனைவியிடம் ஒன்றைச் சொல்லிவிட்டேன்,
இருபத்திரண்டு வருஷமாகச் சொல்லாத ஒன்றை.
இப்போது பாருங்கள்,
வியாழக்கிழமை வந்து நிற்கிறது.

ஒடெத் தாளைத் திருப்பிப் பார்த்தாள்.
பின்பக்கம் வெறுமை.
வீட்டில்தான் இருக்கிறாரா?
கீழே இருக்கிறாள். சக்கரங்களைப் புரட்டுகிறாள்.
பேசவில்லை.
முந்நூற்றுப் பன்னிரண்டையும் தனியாகவா?
ஆமாம்.
அப்படியானால் ஃபோனை வையுங்கள், ஐயா.

ஒன்பது நாள் கழித்து
இரண்டு கம்பிகளுக்கு இடையே ஒரு பற்றவைப்பு விட்டுப்போய்
ஹீலியம் சீறி, டன் கணக்கில் காந்தங்கள் இடம் பெயர்ந்து
எந்திரம் படுத்துவிட்டது.
உலகை முடிக்க வந்தது என்றார்கள்,
ஒரு பற்றவைப்பைக் காப்பாற்ற முடியவில்லை அதனால்.
கேட்க யாரும் அழைக்கவில்லை.

ஒடெத் தாளைக் குப்பையில் போட்டாள்.
எப்போதாவது மணி அடிக்கும்.
எடுத்தவுடன் வணக்கம் சொல்வதில்லை அவள் இப்போதெல்லாம்.
முதலில் அந்த மூச்சைக் கேட்கிறாள்.
சுற்றுலாக் குழுக்கள், விலைப்பட்டியல் கேட்கும் அச்சகத்தார்.
இன்னும் அவள் இல்லை.